சாண்ட்பேங்க்ஸ் கேம்பிங்: காற்றையும் மணலையும் பார்த்துத் திட்டம் போடுவது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மணற்குன்றுகளோடு ஏரிக்கரையில் இருக்கும் பூங்கா சாண்ட்பேங்க்ஸ். அங்கே கூடாரம் போடப் போகலாம் என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் ஜூன் கடைசியில், பள்ளி முடிகிற வாரத்தில்தான் எழும். அதற்குள் ஜூலை, ஆகஸ்ட் வாரயிறுதி இடங்கள் எல்லாம் போயிருக்கும். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் கூடார இடங்களுக்கான முன்பதிவு, போய் இறங்கும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னால் காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 10 அன்று போக வேண்டுமென்றால் பிப்ரவரி 10 காலையில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். 7 மணி 5 நிமிடத்துக்கு வந்தால் நல்ல இடங்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த வெள்ளிக்கிழமைக்கு ஐந்து மாதம் முன்னால் வந்து பார்ப்பார்கள். அதே இடத்தைச் செவ்வாய்க்கிழமை முதல் ஞாயிறு வரை எடுக்க நினைத்தவர் மூன்று நாள் முன்னாலேயே வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார். முன்பதிவு திறப்பது வந்து சேரும் நாளைப் பொறுத்தது. தங்கும் எல்லா இரவுகளையும் பொறுத்தது அல்ல. அதனால் கோடையின் நெருக்கடியான வாரங்களில் வெறும் வெள்ளி, சனி மட்டும் கேட்பவருக்குக் கிடைப்பது கஷ்டம். நாங்கள் இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் போய் வியாழன் திரும்புகிறோம். வேலையில் நான்கு நாள் விடுப்பு போகும், உண்மைதான். ஆனால் எல்லாரும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது நாம் உள்ளே நுழைகிறோம். கடற்கரை போல நீளும் அந்த மணல்கரை திங்கள் காலையில் கிட்டத்தட்ட நமக்கே.

ஐந்து மாதத்தைத் தவறவிட்டாலும் வழி இல்லாமல் இல்லை. ரத்து செய்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், முக்கியமாக மழை அறிவிப்பு வந்த வாரத்தில். முன்பதிவுத் தளத்தில் இடம் காலியானால் தெரிவிக்கச் சொல்லி வைக்கலாம். தேதியில் விடாப்பிடியாக இருந்தால் இது உதவாது. “ஜூலையில் ஏதோ ஒரு வாரம்” என்று இருந்தால் உதவும்.

கூட்டமாகப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் இடத்துக்கு 6 பேர் என்பதுதான் பொதுக் கணக்கு, ஒரு வாகனத்துக்குத்தான் அனுமதி சேர்ந்து வரும். இரண்டாவது கார் என்றால் தனியாகக் கட்ட வேண்டும். மூன்று குடும்பம் சேர்ந்து போவதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து இடங்களை மூன்று பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாக எடுக்க முயல்வதைவிட, குழுக்களுக்கென்றே இருக்கும் முகாம் இடங்களைப் பார்ப்பது நல்லது. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதைக் காவலர்கள் நிஜமாகவே அமல்படுத்துகிறார்கள். பதினைந்து பேர் உட்கார்ந்து பேசினால் குரல் தானாக உயரும். துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார்.

சரி, இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எந்த முகாம் பகுதி?

பூங்கா பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில், ஒன்டாரியோ ஏரியின் கரையில், பிக்டன் ஊருக்குத் தென்மேற்கே இருக்கிறது. டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் போனால் போக்குவரத்தைப் பொறுத்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். உள்ளே அவுட்லெட் ரிவர், சீடர்ஸ், ரிச்சர்ட்சன்ஸ், உட்லண்ட்ஸ் என்று பல முகாம் பகுதிகள். எல்லாரும் முதலில் பாய்வது அவுட்லெட் ரிவர் பகுதிக்கு, காரணம் கரை மிக அருகில். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது பெரிய வசதி; கழிப்பறைக்கும் மறந்துவிட்ட தொப்பிக்கும் ஓடிவர முடியும். ஆனால் கரைக்கு மிக அருகில் உள்ள இடங்களில் நிழலும் மறைவும் குறைவு, காற்றும் மணலும் நேராகக் கூடாரத்துக்குள் வரும். சீடர்ஸில் மரங்கள் அதிகம், தூக்கம் நன்றாக வரும், கரைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். மின்சாரம் வேண்டும், டிரெய்லர் இழுத்துக்கொண்டு வருகிறோம் என்பவர்களுக்கு உட்லண்ட்ஸ். பிள்ளைகள் வளர்ந்த பிறகு நாங்கள் கரையோர இடத்துக்கு அடித்துக்கொள்வதை விட்டுவிட்டோம். மதிய வெயிலில் மர நிழலில் ஒரு மணி நேரம் படுக்க முடிவது, தண்ணீருக்குப் பத்தடி அருகில் இருப்பதைவிடப் பெரிய சுகம் என்பது என் கட்சி. வீட்டில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்த இடம் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் திட்டமும் சரியாக வரும். பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலை, ஏரியின் அலையும் நீரோட்டமும் இரண்டு விரிகுடாக்களின் வாய்க்குக் குறுக்கே கொண்டுவந்து சேர்த்தன. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மணல்திட்டு வாயை அடைத்தது. உள்ளே அடைபட்ட நீர் வெஸ்ட் லேக், ஈஸ்ட் லேக் என்று தனித்தனி ஏரிகளாயிற்று. திட்டின் மேல் காற்று மணலை வாரிக் குவித்ததுதான் மணற்குன்றுகள். நன்னீர் ஏரி ஒன்றில் இந்த அளவுக்கு விரிகுடாவை அடைத்து நிற்கும் மணல்திட்டும் குன்றுகளும் உலகிலேயே அபூர்வம். ஆக, இங்கே தண்ணீர் இரண்டு வகை: ஒரு பக்கம் பரந்து கிடக்கும் ஒன்டாரியோ ஏரி, இன்னொரு பக்கம் அடக்கமான வெஸ்ட் லேக். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் தினமும் காலையில் எங்கே குளிக்கப் போவது என்பதை முடிவு செய்துவிடலாம்.

ஒன்டாரியோ ஏரி ஆழமானது. மேலே உள்ள நீர் வெயிலில் சூடாகி மிதந்துகொண்டிருக்கும், அடியில் குளிர்ந்த நீர் கிடக்கும். காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனால் அடிநீர் கரைக்கு ஏறி வரும். நேற்றுப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் வெளியே வராமல் விளையாடிய அதே இடத்தில் இன்று கணுக்கால் மரத்துப்போகும். ஆகஸ்டிலும் இது நடக்கும். முதல் முறை வருகிறவர்கள் “ஏரி இன்று என்ன கோபமாக இருக்கிறது” என்று திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி நாளில் டியூன்ஸ் பீச்சுக்குப் போய்விடுங்கள். அது வெஸ்ட் லேக் பக்கம்; சிறிய ஏரி, நீர் சீக்கிரம் சூடாகும், அலை குறைவு.

ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை. குன்று நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற இடங்களில் தரையும் அதே சரிவில் இறங்கும். நான்கு எட்டு வைப்பதற்குள் பெரியவர்களுக்கே நிலை கொள்ளாத ஆழம் வந்துவிடும். மேலிருந்து உருண்டு ஓடிவந்து தண்ணீரில் விழுவது பிள்ளைகளுக்கு இங்கே பெரிய விளையாட்டு. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை. அவுட்லெட் பீச் இதற்கு நேர் எதிர்: வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் இருக்கும். நடை பழகும் குழந்தைக்கும் நீச்சல் தெரியாத தாத்தாவுக்கும் அதுதான் சரி. எந்தக் கரையிலும் உயிர்காப்பாளர் கிடையாது. கூட்டத்தில் நாலு பெரியவர்கள் இருந்தால் “யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்” என்று நாலு பேருமே நினைப்பார்கள். நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம். முறை யாருடையதோ அவர் கையில் போனும் இருக்காது, தட்டும் இருக்காது.

காற்றடைத்த மிதவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையிலிருந்து ஏரி நோக்கிக் காற்று வீசும் நாளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும், அதுதான் ஆபத்து. மிதவை சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காற்று கரையை நோக்கி அடித்து அலை உயர்ந்தால் வேறு ஆபத்து: உடைந்த அலையின் நீர் திரும்பிப் போகும் இழுப்பு. அதனால் நான் பார்ப்பது நகரத்து வானிலை அறிவிப்பை அல்ல. கனடா சுற்றுச்சூழல் துறை படகுக்காரர்களுக்காக வெளியிடும் கிழக்கு ஒன்டாரியோ ஏரி அறிவிப்பில் காற்றின் திசை, வேகம், அலை உயரம் எல்லாம் இருக்கும். வேகம் நாட் கணக்கில் வரும்; 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். அந்த எண்ணைப் பார்த்தால் அன்றைக்கு ஏரியில் குளியல் இல்லை, நடைப்பாதைதான். குடையும் விரிக்க வேண்டாம். கரையில் பறந்து உருளும் குடை ஒன்று யார் மேலாவது பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலும் கோடையில் காலை அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் நிலம் சூடாகி ஏரிக்காற்று எழும். அதனால் எங்கள் நாள் தலைகீழ். விடிந்ததும் கரை, பதினொரு மணிக்கு மேல் நிழலும் சாப்பாடும், மாலை ஐந்துக்கு மேல் மறுபடி கரை. பகல் பயணமாக வருகிறவர்களின் நெரிசலும் இதே இடைவெளியில்தான், இரண்டுக்கும் ஒரே மருந்து. வெறும் மணல்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் வரை திரும்பி மேலே வரும், குடையின் கீழேயே உட்கார்ந்திருந்தாலும் முகம் கருகுவது அதனாலும்தான். நண்பகல் குன்றில் வெறுங்காலோடு ஏறவும் முடியாது.

கூடாரம் போடும்போது தரை பெரும்பாலும் மணல் கலந்ததுதான். கடையில் கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி ஆணிகள் வெண்ணெயில் குத்திய மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும். நீளமான, அகலமான ஆணிகள் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் பிடிக்காத இடத்தில் ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிட்டால் அசையாது. கூடாரத்தின் ஒடுக்கமான பக்கம் காற்றை நோக்கி இருக்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம். வெளியே கிளம்பும்போது, வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், மேல்விரிப்பின் கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் நகர்வது. கூடாரத்துக்குள் ஒரு படுக்கையாவது போட்டு வைத்தால் எடைக்கும் ஆகும்.

மணலை முழுக்க வெளியே நிறுத்த முடியாது, குறைக்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு விரிப்பு, உள்ளே ஒரு விரிப்பு, நடுவில் கால் அலம்ப ஓர் அகலமான தொட்டியில் தண்ணீர். கைப்பிடித் துடைப்பம் ஒன்று. ஈரமான காலில் ஒட்டிய மணலைத் தட்டினால் போகாது; குழந்தைப் பவுடர் தூவித் தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஜிப்பைப் பலமாக இழுக்கக் கூடாது, பல்லில் மணல் புகுந்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு இழுத்தால் ஆயுசுக்கு வரும். அடுப்பைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள், காற்றில் கேஸ் தீருமே தவிரப் பாத்திரம் கொதிக்காது. முகாம் இடத்திலேயே காற்றுத்தடுப்பு வைத்துச் சமைத்து, கரைக்கு எடுத்துப்போவது கையில் பிடித்துத் தின்னக்கூடிய ஏதாவது. தட்டில் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணல் கடிபடாத சாப்பாடு அங்கே பெரிய விஷயம்.

கூலரில் சின்ன ஐஸ் துண்டுகள் மறுநாளே தண்ணீராகிவிடும். தண்ணீர் பாட்டில்களை வீட்டிலேயே உறைய வைத்து அடியில் அடுக்கினால் நெடுநேரம் நிற்கும், உருகிய பிறகு குடிக்கவும் ஆகும். இரவில் கூலர் காருக்குள் போக வேண்டும். ரக்கூன்களுக்கு மூடி திறக்கத் தெரியும்.

விறகை வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டாம். ஆஷ் மரங்களைக் கூண்டோடு அழிக்கும் மரகத நிற வண்டு போன்ற பூச்சிகள் விறகோடு சேர்ந்துதான் ஊர்விட்டு ஊர் போகின்றன. எரிக்கும் இடத்திலேயே வாங்குவதுதான் முறை, பூங்காவிலேயே விற்கிறார்கள். தீயை அணைக்க மணலை அள்ளிப் போடுவது இயல்பாகத் தோன்றும். செய்யாதீர்கள். மணலுக்கு அடியில் தணல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், மேலே பார்த்தால் வெறும் தரை. விடிகாலையில் வெறுங்காலோடு நடந்து வரும் குழந்தைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே காட்டினால் சூடு தெரியாத வரை.

குன்றுகளில் வேலி போட்டுக் கயிறு கட்டி வைத்திருக்கும் இடங்கள் அலங்காரத்துக்கு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே மரங்களை வெட்டினார்கள், மாடுகளை மேயவிட்டார்கள். பிடித்து வைத்திருந்த வேர் போனதும் மணல் நகர ஆரம்பித்தது. பாதையையும் வயலையும் மூடிக்கொண்டு உள்நாடு நோக்கிப் போனது. பிறகு மரம் நட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. 1970-இல் மாகாணப் பூங்காவானது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் சிமெண்டுக்காக மணல் அள்ளுவதை எதிர்த்துப் போராட்டமும் நடந்தது. இன்று குன்றைப் பிடித்து வைத்திருப்பதில் முக்கியமானது மேரம் புல். மணல் மூட மூட மேலே வளரும், ஆனால் மிதி தாங்காது. ஒரே தடத்தில் ஆட்கள் நடந்து புல் செத்த இடத்தில் காற்று பள்ளம் பறித்துவிடும். பிள்ளைகள் “எல்லாரும் அங்கே ஏறுகிறார்களே” என்பார்கள். திறந்து விட்ட சரிவுகள் போதுமான அளவு இருக்கின்றன, அங்கே ஏறட்டும்.

குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்த இடங்களில் ஈரம் தங்கி, சிறு செடிகளும் தவளைகளுமாக ஒரு தனி உலகம் இருக்கும். டியூன்ஸ் நடைப்பாதை அதன் வழியாகப் போகிறது. எனக்கு இந்தப் பூங்காவில் மிகப் பிடித்தது கரை அல்ல, இந்தப் பாதைதான். இரண்டரை கிலோமீட்டர், அவசரம் இல்லாமல் போனால் ஒன்றரை மணி நேரம். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் முந்தின இரவில் நடமாடியவற்றின் கால்தடங்கள் அழியாமல் இருக்கும். கொசு மருந்து அவசியம்.

பாதையை விட்டு விலகாமல் இருக்க இன்னொரு காரணம் பாய்சன் ஐவி, தொட்டால் தோலில் கொப்புளம் எழுப்பும் செடி. இங்கே தாராளமாக வளர்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். இதைக் கூடாரம் போட்ட அன்றே பிள்ளைகளுக்கு நேரில் காட்டிவிடுங்கள். தொட்டுவிட்டால் தாமதிக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதன் எண்ணெய் செருப்பிலும் துணியிலும் பந்திலும் நாய் முடியிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் இருக்கும், அவற்றையும் கழுவாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு யாருக்கோ கொப்புளம் எழும். அப்புறம் உண்ணி. கிழக்கு ஒன்டாரியோவில் லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணிகள் பரவியிருக்கின்றன. நடந்துவிட்டு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்புப் பட்டி, தலைமுடி ஓரம் என்று பார்த்துவிட வேண்டும். கடித்திருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. நுனி கூரான சாமணம் ஒன்று முதலுதவிப் பையில் இருக்கட்டும்.

மழை பலமாகப் பெய்த மறுநாள் கரையில் நீர்த்தர அறிவிப்பைப் பாருங்கள். வாத்துகளின் எச்சமும் மழைநீரோடு சேர்ந்து இறங்கும். ஏரியின் மட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2017-லும் 2019-லும் ஒன்டாரியோ ஏரி வழக்கத்துக்கு மீறி உயர்ந்து கரையின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. பழைய புகைப்படத்தில் பார்த்த அகலத்தை நம்பிப் போக வேண்டாம், கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

கூடாரம் இல்லாமல் பகலில் மட்டும் வந்து சேர்ந்துகொள்ளும் உறவினர்கள் இருந்தால் அவர்களுக்கும் முன்கூட்டியே அனுமதி எடுத்துவிடுங்கள். பகல்நேர வாகன அனுமதி ஐந்து நாள் முன்னால் காலை 7 மணிக்குத் திறக்கும். வெயில் காயும் சனிக்கிழமைகளில் அது தீர்ந்துவிட்டால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு செப்டம்பர் முதல் பாதி. ஏரி கோடை முழுக்கச் சேர்த்த வெப்பத்தை இன்னும் விட்டிருக்காது, கொசு குறைந்திருக்கும், இடமும் சுலபமாகக் கிடைக்கும். இரவு குளிரும், கனமான தூக்கப்பை வேண்டும். கிங்ஸ்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் 33-ஆம் எண் சாலையில் வந்து கிளெனோராவுக்கு இலவசப் படகில் காரோடு கடக்கலாம், கால் மணி நேரம்தான். இறங்கியதும் மேலே லேக் ஆன் தி மவுன்டன். ஒன்டாரியோ ஏரியைவிடச் சுமார் 60 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு தனி ஏரி. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

சாண்ட்பேங்க்ஸில் இடமே கிடைக்கவில்லை என்றால் மணற்குன்று ஆசையை விட வேண்டியதில்லை. ஹியூரான் ஏரிக் கரையில் கிராண்ட் பெண்டுக்கு அருகே பைனரி பூங்கா இருக்கிறது: ஆயிரம் அளவுக்குக் கூடார இடங்கள், ஓக் மரக்காட்டோடு கூடிய பழைய குன்றுகள், மேற்கு பார்த்த பத்து கிலோமீட்டர் கரை. அங்கும் ஐந்து மாதக் கணக்குதான், ஆனால் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். வசாகா பீச்சை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தப் பூங்காவில் பகலில் குளிக்கலாம், கூடாரம் போட முடியாது.